முப்பது நாளில் ஃபார்மோசா பாஷை

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்று சொல்லிவைத்தவர் ஜார்ஜ் சால்மனசாரைப் பார்த்ததில்லை. இந்த ஆசாமி 1703-ம் வருடக் கடைசியில் லண்டனுக்கு வந்து இறங்கி, தான் கனவில்கூடக் கண்டிராத ஒரு தீவுக்கு வரலாறு, பூகோளம், மதம், நாணயம், தண்டனைச் சட்டம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். அதோடு விட்டிருந்தால் சரித்திரத்தில் இன்னொரு புளுகர், அவ்வளவுதான். அந்தத் தீவுக்கு எழுத்து, இலக்கணம், ஜெபம் சகிதம் ஒரு மொழியையும் தயார் செய்து, அதை ஆக்ஸ்ஃபோர்டுக்கே போய்ப் பாடம் நடத்தினார் பாருங்கள், அங்கேதான் மனுஷன் நிற்கிறார்.

இன்றைக்கு இந்த வேலைக்குச் சம்பளம் உண்டு. ‘ஸ்டார் ட்ரெக்’ படத்துக்கு மார்க் ஓக்ராண்ட் என்ற மொழியியலாளர் க்ளிங்கான் செய்து கொடுத்தார். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடருக்கு டேவிட் பீட்டர்சன் டோத்ராக்கி செய்தார். 2015-ல் ‘பாகுபலி’ வந்தபோது காலகேயர்கள் பேச மதன் கார்க்கி கிளிக்கி செய்தார். காலகேயத் தலைவன் கண்ணை உருட்டி நாக்கைச் சொடுக்கிப் பேசியபோது தியேட்டரே ஆரவாரம் செய்தது. அப்படி ஒரு நாடே கிடையாது என்று யாரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. சால்மனசார் செய்ததும் இதே வேலைதான். என்ன, இது படம் என்று சொல்லாமலே டிக்கெட் கிழித்துவிட்டார்.

அவருடைய நிஜப் பெயர் இன்றுவரை யாருக்கும் தெரியாது. 1679-ஐ ஒட்டித் தெற்கு பிரான்ஸில் எங்கோ பிறந்தவர், பாதிரிமார் பள்ளிகளில் படித்தவர், லத்தீன் தண்ணீர்பட்ட பாடு. இவ்வளவுதான் தேறுகிறது. பைபிளில் வரும் அசீரிய அரசன் ஷல்மனேசரின் பெயரைச் சுட்டு, கொஞ்சம் நெளித்து, முன்னால் உச்சரிக்காத ஒரு ‘பி’ எழுத்தையும் ஒட்டிக்கொண்டார். உச்சரிக்காத எழுத்து ஒன்று இருந்தால்தான் வெள்ளைக்காரனுக்கு ஒரு பெயரின் மேல் மரியாதை வரும் என்பது தெரிந்திருக்கிறது. தமிழில் எழுதினால் பின்னால் ஒரு ‘சார்’ வேறு இலவசமாக வந்து சேர்ந்துகொள்கிறது.

ஆரம்பத்தில் அவர் ஃபார்மோசாக்காரர் இல்லை, ஐரிஷ்காரர். யாரோ ஒரு யாத்ரீகர் காணிக்கையாக விட்டுப்போன அங்கியையும் கைத்தடியையும் ஒரு சர்ச்சிலிருந்து லவட்டிக்கொண்டு, ‘அயர்லாந்திலிருந்து ரோமாபுரிக்கு யாத்திரை போகிறேன், தர்மம் பண்ணுங்கள்’ என்று லத்தீனில் பிச்சையெடுத்தபடி நடந்தார். பிச்சை நன்றாகவே விழுந்தது. ஆனால் போகிற இடமெல்லாம் அயர்லாந்தைப் பார்த்தவன் எவனாவது ஒருவன் இருந்து தொலைத்தான். எந்த ஊர், எந்தத் தெரு, யார் மகன் என்று கேட்க ஆரம்பித்தான். இப்படி இரண்டு மூன்று முறை முழி பிதுங்கியதும் நம்மவருக்கு ஞானம் பிறந்தது. பொய் சொல்வது என்று ஆனபின் பக்கத்து ஊரைப் பற்றி ஏன் சொல்ல வேண்டும்? யாரும் போகாத ஊராகப் பார்த்துச் சொன்னால் குறுக்குக் கேள்வி கேட்க ஆளே இருக்காதே! பள்ளியில் பாதிரிமார் சொன்ன கீழ்த்திசைக் கதைகள் அரைகுறையாக ஞாபகம் இருந்தன. ஜப்பான்காரர் ஆகிவிட்டார்.

முதலில் கிறிஸ்தவத்துக்கு மாறிய ஜப்பான்காரர். அதில் சுவாரசியம் குறைச்சல் என்று தோன்றியதும் மதம் மாறாத ஜப்பான்காரர். ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் சூரியன், சந்திரன், நட்சத்திரம் எல்லாம் வரைந்து, இடையிடையே வாய்க்கு வந்ததைக் கிறுக்கி வைத்துக்கொண்டு, காலையில் சூரியனைப் பார்த்து அதை முணுமுணுப்பார். சாப்பாட்டுக்குப் பச்சை மாமிசமும் கிழங்கும், மேலே மிளகும் மசாலாவும் தாராளமாக. உட்கார்ந்தபடியே தூக்கம், பக்கத்தில் விளக்கு எரிய வேண்டும். தலையைப் பார்த்தால் பொன்னிற முடி, தோலைப் பார்த்தால் வெள்ளை வெளேர். ஜப்பான்காரர் எப்படி இருப்பார் என்று அந்த ஊரில் எவருக்கும் தெரியாது. பச்சைக் கறி தின்கிறவன் உள்ளூர்க்காரனாக இருக்க முடியாது என்று மட்டும் தெரியும். அது போதுமாயிருந்தது.

வயிற்றுப்பாட்டுக்குக் கூலிப்படை ஒன்றில் சேர்ந்து, 1702 வாக்கில் நெதர்லாந்தின் ஸ்லூயிஸ் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஒரு ஸ்காட்டிஷ் ரெஜிமெண்டின் பாதிரியாராக இருந்தவர் இன்னெஸ். இந்தக் கதையில் புத்தியுள்ள ஆள் இவர் ஒருவர்தான். யோக்கியர் என்று சொல்லவில்லை, புத்தியுள்ளவர்.

இன்னெஸ் நம்மவரைக் கூப்பிட்டு, சிசரோவின் லத்தீன் நூலிலிருந்து ஒரு பகுதியைக் காட்டி, ‘இதை உன் தாய்மொழியில் எழுது’ என்றார். அதுவரை தாய்மொழியில் முணுமுணுக்க மட்டுமே செய்தவருக்கு இப்போது எழுத வேண்டிய நிலை. சளைக்காமல் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். இன்னெஸ் பாராட்டினார், தாளை வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு, அதே பகுதியை இன்னொரு முறை எழுதித் தரச் சொன்னார். அதையும் எழுதிக் கொடுத்தாயிற்று. பாதிரியார் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். பாதிக்கு மேல் வார்த்தைகள் மாறியிருந்தன.

வேறொருவராக இருந்தால் ஆளைப் பிடித்துச் சிறையில் போட்டிருப்பார். இன்னெஸ் பார்ட்னர்ஷிப் போட்டார். ஒரு புறமதத்தானைப் பிடித்து மனந்திருப்பிவிட்டேன் என்று லண்டன் பிஷப்புக்குக் கடிதம் போனால் தன் உத்தியோகம் எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போடத் தெரிந்த மனிதர். ஜப்பான் ஃபார்மோசாவாக மாறியதும் இந்தக் கட்டத்தில்தான். ஜப்பானைப் பற்றியாவது நாலு பேர் நாலு புத்தகம் எழுதியிருந்தார்கள். ஃபார்மோசா, அதாவது இன்றைய தைவான், இன்னும் பத்திரமான இடம். கோட்டைத் தலைவர் ஜார்ஜ் லாடர் ஞானத்தந்தையாக நிற்க, அவர் பெயரையே வைத்து ஞானஸ்நானம் நடந்தது. இப்படித்தான் நம்மவர் ஜார்ஜ் ஆனார். ஒரு கிறிஸ்தவர், ஏற்கெனவே ஞானஸ்நானம் வாங்கியவர், கிறிஸ்தவராக மதம் மாறினார். (இன்னெஸ் பிற்பாடு இன்னொருவர் எழுதிய ஒழுக்கவியல் நூலைத் தன் பெயரில் அச்சடித்து மாட்டிக்கொண்டார். ஆமாம், ஒழுக்கவியல்தான்.)

அந்த இரண்டு தாள் விவகாரம்தான் ஃபார்மோசா மொழிக்கு உண்மையான பிறந்தநாள். நம் ஊர் இலக்கண ஆசிரியர்கள் இலக்கியம் முதலில் வரும், அதைப் பார்த்து இலக்கணம் பிறகு வரும் என்பார்கள். இங்கே உளறல் முதலில் வந்தது, மாட்டிக்கொண்டது இரண்டாவதாக வந்தது, இலக்கணம் அதற்குப் பிறகுதான். நேற்றுச் சொன்னது இன்று மாறாமல் இருக்க விதி வேண்டும். விதி இருந்தால் ஞாபகம் வைக்க வேண்டிய சுமை பாதியாகும். பொய்யனுக்கு ஞாபகசக்தி வேண்டும் என்பார்கள். சால்மனசார் தன் ஞாபகசக்தியை அட்டவணை போட்டு வைத்துக்கொண்டார்.

லண்டன் இந்த ஜோடியை வாரி அணைத்துக்கொண்டது. பிஷப் ஹென்றி காம்ப்டன் கையில், ஃபார்மோசா மொழியில் ‘பெயர்த்த’ திருச்சபைப் போதனை கையெழுத்துப் பிரதியாகக் கொடுக்கப்பட்டது. பிஷப் நெகிழ்ந்து, தன்னிடமிருந்த அரிய சுவடிகளோடு அதையும் பத்திரப்படுத்தினார். 1704-ல் புத்தகமே வந்துவிட்டது. ஜப்பான் பேரரசருக்குட்பட்ட ஃபார்மோசா தீவின் வரலாறும் பூகோள விவரமும் என்று நீட்டி முழக்கிய தலைப்பு. லத்தீனில் எழுதியதை வேறொருவர் ஆங்கிலமாக்கினார். மறு வருடமே இரண்டாம் பதிப்பு, பின்னால் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் மொழிபெயர்ப்பு.

அந்தப் புத்தகத்தைப் படித்தால் ஒன்று தெரிகிறது. மனுஷனுக்குக் கூச்சம் என்பது துளியும் இல்லை. ஃபார்மோசாவில் ஆண்கள் பொன்னாலோ வெள்ளியாலோ ஒரு தகட்டை மட்டும் வேண்டிய இடத்தில் மறைத்துக்கொண்டு மற்றபடி காற்றாட நடமாடுவார்களாம். காலையில் பாம்பு ரத்தம் குடித்தால் நூறு வயது நிச்சயமாம். சோரம் போன மனைவியைக் கணவன் தின்றுவிடலாமாம், சட்டம் அனுமதிக்கிறதாம். மெரியாண்டனூ என்றொரு வில்லன், பலி கொடுக்கப் போகும் மிருகங்கள் என்று சொல்லி, யானைகள் சுமந்த பெரிய பல்லக்குகளில் படைவீரர்களை ஒளித்து அனுப்பித் தீவைப் பிடித்தானாம். மரக்குதிரைக்குள் வீரர்களை ஒளித்துவைத்த ட்ராய் நகரத்துக் கதையைக் குதிரையை எடுத்துவிட்டு யானையைப் போட்டு ஓட்டியிருக்கிறார். ராயல்டி கேட்க ஹோமர் உயிரோடு இல்லை.

எல்லாவற்றுக்கும் சிகரம், வருடப் பிறப்பு பலி. ஒன்பது வயதுக்கு உட்பட்ட பதினெட்டாயிரம் சிறுவர்களின் இதயம் தெய்வத்துக்குக் காணிக்கை. வருடா வருடம். கேட்டவர்களில் ஒருவருக்குக் கணக்கு வந்தது. ஒரு சின்னத் தீவில் வருடத்துக்குப் பதினெட்டாயிரம் பையன்களைக் கொன்றால் கொஞ்ச நாளில் தீவில் ஆளே இருக்காதே? இங்கே சால்மனசாரின் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வாயிலிருந்து ஒரு தடவை வந்த எதையும் வாபஸ் வாங்குவதில்லை என்று அவர் விரதமே எடுத்திருந்தார். பதினெட்டாயிரம் என்றால் பதினெட்டாயிரம்தான். எண்ணைக் குறைக்க மாட்டார், பெண்டாட்டிகளைக் கூட்டுவார். ஃபார்மோசாவில் பலதார மணம், அதனால் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை, தலைப்பிள்ளைக்குப் பலியிலிருந்து விலக்கும் உண்டு என்று ஒரே போடாகப் போட்டார். இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் இப்படி வந்த ஆட்சேபங்களையெல்லாம் தானே வரிசைப்படுத்திப் பதிலும் எழுதியிருக்கிறார். பொய்யை மறுத்தவர்களைக்கூடத் தன் புத்தகத்துக்குள் இழுத்துப்போட்டு விற்ற ஆள்!

இப்போது மொழிக்கு வருவோம். எழுத்துகள் இருபது. வலமிருந்து இடமாக எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பெயர், வடிவம், ஒலி என்று புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு அழகான அட்டவணை. ஆம், மெம், நென், டாஃப், லாம்தோ, சாம்தோ, வொமேரா, பக்தோ என்று போகிறது. மெம், டாஃப் ஹீப்ருவிலிருந்து வந்தவை. லாம்தோவும் பின்னால் வரும் எப்ஸியும் கிரேக்கத்திலிருந்து வந்து வேஷம் மாற்றிக்கொண்டவை. இரண்டையும் படித்த பாதிரிமார்தான் அந்த அட்டவணையைப் பார்த்தார்கள். அவர்களுக்கு எங்கேயோ பார்த்த முகமாகத் தோன்றியிருக்க வேண்டும். ஆதி மொழி ஹீப்ருதான், எல்லா மொழியும் அதன் சாயல்தான் என்று நம்பிய காலம் அது. சாயல் தெரிந்ததும் சந்தேகம் வரவில்லை, பக்திதான் வந்தது.

இலக்கணம் இன்னும் பிரமாதம். நிகழ்காலத்தைச் சாதாரணக் குரலில் சொல்ல வேண்டும். இறந்தகாலம் என்றால் குரலை உயர்த்த வேண்டும். எதிர்காலம் என்றால் தாழ்த்த வேண்டும். சிரிக்காதீர்கள், நம் வீடுகளிலும் குரல் உயர்ந்தால் இறந்தகாலம்தான் வருகிறது, பத்து வருஷத்துக்கு முந்தைய சீர்வரிசை விவகாரம் வரைக்கும். ஆனால் லத்தீனில் இருக்கும் மற்றக் காலங்களை என்ன செய்வது? அவற்றுக்குத் துணைவினை. ஆக, லத்தீன் இலக்கணப் புத்தகத்தில் எத்தனை காலம் உண்டோ ஃபார்மோசாவிலும் அத்தனை உண்டு. சொற்கள் விஷயத்திலும் ஆள் ரொம்பச் சிக்கனம். அப்பாவுக்கு ‘போர்னியோ’ என்று ஒரு சொல் செய்தார். பரலோகத்துக்குப் புதிதாக யோசிக்கச் சோம்பல்பட்டு முதலெழுத்தை வெட்டி ‘ஓர்னியோ’ என்று வைத்துவிட்டார். பரமண்டலத்திலிருக்கும் பிதாவைக் கூப்பிடும் ஜெபம் இதனால் நல்ல எதுகையோடு ஒலித்தது. விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள் எல்லாம் இதே பாஷையில் அச்சாகியிருக்கின்றன.

எல்லாம் சரி, ஜப்பான் மொழி தெரிந்தவன் எவனாவது வந்தால்? அதற்கும் ஏற்பாடு இருந்தது. ஃபார்மோசா மொழியும் ஜப்பான் மொழியும் அடிப்படையில் ஒன்றுதான், உச்சரிப்பிலும் வழக்கிலும் காலப்போக்கில் விலகிவிட்டன என்று எழுதிவைத்தார். இனி எது பொருந்தாவிட்டாலும் அது காலப்போக்கின் தவறு.

ஆபத்து ஒரே ஒரு முறை நிஜமாகவே வாசலுக்கு வந்தது. 1704 பிப்ரவரியில் ராயல் சொசைட்டியில், சீனாவில் பல வருடம் இருந்து திரும்பிய ஜெசூட் பாதிரியார் ஜான் டி ஃபோண்டனேயும் சால்மனசாரும் நேருக்கு நேர் உட்கார்ந்தார்கள். ஐசக் நியூட்டன் அந்தச் சபைக்குத் தலைவராகியிருந்த சமயம். ஃபார்மோசா சீனாவுக்குச் சொந்தம் என்றார் ஃபோண்டனே. அது சரியும்கூட, 1683-லேயே சீனா அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டுவிட்டது. இல்லை, ஜப்பானுக்குச் சொந்தம் என்றார் சால்மனசார். அறிவாளிகள் நிறைந்த சபை. ஒருவர் அந்தப் பக்கத்தில் வாழ்ந்தவர், இன்னொருவர் ஐரோப்பாவைத் தாண்டிக் கிழக்கே போகாதவர். சபை யார் பக்கம் சாய்ந்திருக்கும்?

இதைப் புரிந்துகொள்ள அன்றைய இங்கிலாந்துக்குக் கத்தோலிக்கர் மேல், குறிப்பாக ஜெசூட்கள் மேல், இருந்த கடுப்பு தெரிய வேண்டும். சால்மனசார் கதையில் வில்லனே ஒரு ஜெசூட்தான். ஜப்பானியன் போல வேஷம் போட்டு ஃபார்மோசாவுக்கு வந்து, இந்தப் பிள்ளைக்கு வாத்தியாராக நடித்து, ஐரோப்பாவுக்குக் கடத்திவந்து, மதம் மாறச் சொல்லி மிரட்டிய ஜெசூட். பிள்ளை மிரளவில்லை. கடைசியில் ஆங்கிலத் திருச்சபையின் அருமையைத் தானே உணர்ந்து சேர்ந்தது. கேட்க எவ்வளவு சுகமாக இருக்கிறது! இந்தக் கதையை ஒரு ஜெசூட் வந்து பொய் என்றால், அதுவே அது மெய் என்பதற்குச் சாட்சி. ஃபோண்டனே வாயைத் திறக்கத் திறக்க சால்மனசாரின் மதிப்பு ஏறியது.

வால்மீன் புகழ் எட்மண்ட் ஹாலி மட்டும் மதச் சண்டைக்குப் போகாமல் வானத்தைப் பிடித்தார். ஃபார்மோசா கடக ரேகை ஓடும் இடம். சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாளில் வெயில் உங்கள் ஊர்ப் புகைபோக்கிக்குள் நேராக இறங்குமா, எவ்வளவு நேரம் இறங்கும் என்று கேட்டார். அழகான பொறி. இறங்காது என்றாலும் மாட்டிக்கொள்வான், தப்பான நேரம் சொன்னாலும் மாட்டிக்கொள்வான். இறங்கவே இறங்காது என்றார் நம்மவர். ஏனென்று கேட்டதற்கு, எங்கள் ஊரில் புகைபோக்கிகளை வளைத்துத்தான் கட்டுவோம் என்று பதில் வந்தது. உன் தோல் ஏன் இப்படி வெளுத்திருக்கிறது என்று கேட்டவர்களுக்கும் இதே வேகத்தில்தான் பதில் கிடைத்தது. ஃபார்மோசாவில் பெரிய மனிதர்கள் பூமிக்கு அடியில் வீடு கட்டி வாழ்வார்கள், வெயில்படுவதெல்லாம் கூலிக்காரர்கள்மேல்தான். உட்கார்ந்து சாப்பிடுகிறவன் வெளுப்பாக இருப்பான் என்பது லண்டன் கனவான்களுக்கு ரொம்ப நியாயமாகப் பட்டது.

பிறகு ஆக்ஸ்ஃபோர்டு. காம்ப்டனும் நண்பர்களும் செலவை ஏற்றுக்கொண்டு கிறைஸ்ட் சர்ச் கல்லூரிக்கு அனுப்பிவைத்தார்கள். ஃபார்மோசாவுக்குப் போய் மதம் பரப்பப் போகும் இளைஞர்களுக்கு அந்த ஊர் பாஷையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சால்மனசார் அங்கே இரவு முழுக்க அறையில் மெழுகுவர்த்தியை எரியவிட்டுவிட்டு, சாய்வு நாற்காலியில் குறட்டை விட்டுத் தூங்கினார். ஜன்னல் வழியாக வெளிச்சத்தைப் பார்த்தவர்கள், விடிய விடியப் படிக்கிறார் என்று வியந்தார்கள். படுக்கை கசங்காததைப் பார்த்து வேலைக்காரர்களும் அதையே சொன்னார்கள். பகலில் கொஞ்சம் நொண்டியபடி நடப்பார், உட்கார்ந்து உட்கார்ந்து படித்ததால் வந்த வாதமாம். இதற்கிடையே இன்னெஸுக்குப் பரிசும் கிடைத்துவிட்டது. போர்ச்சுகலில் இருந்த ஆங்கிலப் படைகளுக்குத் தலைமைப் பாதிரியார் பதவி. பார்ட்னர் லாபத்தோடு கழன்றுகொண்டார்.

நல்லவேளை, மிஷன் எதுவும் கப்பலேறவில்லை. ஏறியிருந்தால், தைவான் கரையில் ஒரு ஆங்கிலேய இளைஞன் இறங்கி, குரலை உயர்த்தி உயர்த்தி இறந்தகாலத்தில் பிரசங்கம் பண்ணியிருப்பான். கரையில் நிற்பவர்கள் இவனுக்கு ஏதோ வயிற்றுவலி என்று நினைத்திருப்பார்கள். இதே சமயத்தில், 1706-ல், தரங்கம்பாடியில் வந்து இறங்கிய பாதிரியார் சீகன்பால்கு திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளோடு மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றுக்கொண்டிருந்தார். 1715-க்குள் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகிவிட்டது. அந்த அச்சுவேலைக்கு லண்டனிலிருந்த எஸ்.பி.சி.கே. என்ற கிறிஸ்தவச் சங்கம் அச்சு இயந்திரம் அனுப்பி உதவியது. இருக்கிற மொழிக்கு இயந்திரமும், இல்லாத மொழிக்கு ஆக்ஸ்ஃபோர்டில் அறையும் ஒரே ஊரிலிருந்து, ஒரே வகைப் புண்ணியவான்களின் பணத்தில், பத்து வருட இடைவெளிக்குள் கிடைத்திருக்கின்றன.

பெரிய அம்பலம், கைது, வழக்கு என்றெல்லாம் கடைசியில் எதுவும் நடக்கவில்லை. ஊருக்கு மெல்ல அலுத்துப்போனது, அவ்வளவுதான். 1711-ல் ‘ஸ்பெக்டேட்டர்’ பத்திரிகை ஒரு பொய் விளம்பரம் போட்டது. ஏப்ரல் முதல் தேதி நடக்கும் இசைநாடகத்தில், பெற்ற பிள்ளைகளையே தகப்பன் தின்னும் காட்சியில் ஃபார்மோசா புகழ் சால்மனசார் நடிப்பார் என்று. பிற்பாடு எழுத்தாளர் ஜொனாதன் ஸ்விஃப்ட்கூட, குழந்தைகளைச் சமைத்துத் தின்னும் யோசனை சொல்லும் தன் பிரசித்தி பெற்ற நையாண்டியில் இவரைச் சாட்சிக்கு இழுத்தார். நம்மவர் ‘ஃபார்மோசா பாலிஷ்’ என்று ஒரு வெள்ளை மெருகெண்ணெய் வியாபாரத்தில் பெயரைக் கொடுத்துப் பார்த்தார், ஓடவில்லை. ரெஜிமெண்டில் குமாஸ்தா, வீடுகளில் டியூஷன், பதிப்பாளர்களுக்குக் கூலி எழுத்து என்று காலம் ஓடியது.

1728-ல் கடுமையான நோய். பிழைத்து எழுந்தவர் பக்திமானாகிவிட்டார். ஹீப்ரு முறைப்படி கற்றார், அந்தக் காலத்தின் பெரிய உலக வரலாற்றுத் தொகுப்பு ஒன்றில் அத்தியாயம் அத்தியாயமாக எழுதினார், அதுவும் ஒழுங்காக, ஆதாரம் பார்த்து. 1747-ல் ஒரு பூகோளக் களஞ்சியத்துக்கு ஃபார்மோசா பற்றி எழுதும் வேலை யாரிடம் போனது என்று நினைக்கிறீர்கள்? அவரிடமேதான். அந்தக் கட்டுரையில், சால்மனசார் என்றொருவர் எழுதியது முழுக்கப் புளுகு என்று மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வதுபோல் எழுதிக் கொடுத்துக் கூலி வாங்கிக்கொண்டார். சொன்ன பொய்க்கும் காசு, அதை மறுத்ததற்கும் காசு. எழுத்தாளர் சங்கத்தில் இவருக்கு ஒரு படம் மாட்டலாம்.

முதுமையில் தினமும் அளவாக அபினும், பக்கத்து மதுக்கடையில் அரட்டையுமாக வாழ்ந்தார். அந்த அரட்டைக்குத் தேடிப் போய் உட்கார்ந்தவர் அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சன். யாரைப் பார்த்தாலும் மறுத்துப் பேசியே பழகிய ஜான்சன், இவரிடம் மட்டும் வாயைத் திறந்ததில்லை. ஏனென்று கேட்டபோது, ஒரு பிஷப்பை மறுத்துப் பேச நினைப்பேனா, அப்படித்தான் இவரையும் என்ற தோரணையில் பதில் சொன்னாராம். பிஷப்புகளை இவர் என்ன பாடு படுத்தினார் என்பது ஜான்சனுக்குத் தெரியாததல்ல.

1763-ல் இறந்தார். மறு வருடம் அவருடைய நினைவுக் குறிப்புகள் வெளியாயின. நாம் இங்கே சொன்ன பாதி விஷயம் அதிலிருந்து வந்ததுதான், அவரே ஒப்புக்கொண்டது. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டவர் பெயரை மட்டும் சொல்லவில்லை. தலைப்பில் அந்த இடத்தில் நட்சத்திரக் குறிகள் இருக்கின்றன.

சால்மனசாரைக்கூட மன்னித்துவிடலாம். பசிக்குப் பொய் சொன்னவர், பிறகு வருந்தியவர். எனக்கு ஆத்திரம் ஆறாதது அந்தப் படித்த கூட்டத்தின் மேல்தான். ஃபார்மோசாவைப் பற்றித் தெரிந்துகொள்ள வழியே இல்லாத காலம் அல்ல அது. டச்சுக்காரர்கள் 1624 முதல் 1662 வரை அந்தத் தீவின் தென்மேற்கில் கோட்டை கட்டி ஆண்டிருக்கிறார்கள். அங்கிருந்த சிராயா மக்களின் மொழியைப் பாதிரிமார் கற்று, ரோமன் எழுத்தில் எழுதி, பள்ளிக்கூடம் வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். டேனியல் கிராவியஸ் என்பவர் மத்தேயு சுவிசேஷத்தை சிராயாவில் பெயர்த்து, பக்கத்திலேயே டச்சு வடிவத்தையும் வைத்து 1661-ல் ஆம்ஸ்டர்டாமில் அச்சிட்டார். ஆம்ஸ்டர்டாம் லண்டனிலிருந்து கடலைத் தாண்டினால் வந்துவிடும் ஊர். சால்மனசாரின் ஜெபத்தையும் அந்தப் புத்தகத்தையும் அருகருகே வைத்திருந்தால் ஒரு மத்தியானத்தில் கதை முடிந்திருக்கும். இரண்டு தாளை அருகருகே வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது இன்னெஸ் ஒருவருக்குத்தான், அவரும் அதைத் தன் உத்தியோகத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார்.

சிராயா மொழி பிறகு பேச்சுவழக்கிலிருந்து மறைந்துபோனது. இப்போது தைவானின் தைனான் பகுதியில் அந்த மக்களின் வாரிசுகள் அதை மீட்டெடுத்து, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவருகிறார்கள். சொற்களுக்கு அவர்கள் நம்பியிருப்பது பெரும்பாலும் கிராவியஸின் அந்த மத்தேயுவைத்தான்.